பெயர் ஒட்டுகிறவள்

முதலில் மின்விசிறியை நிறுத்துவாள். அடுப்பில் குக்கர் இருந்தால் அதையும் அணைப்பாள். விசில் அடித்தால் கை துள்ளிவிடுமாம். அதன்பிறகு அந்த வீட்டில் ஒருவர் தும்மக்கூடக் கூடாது. "இப்பம் யாரும் பேசப்பிடாது. மூச்சு விடணும்னா வெளிய போய் விட்டுட்டு வாங்க" என்று வேல்விழி சொன்னால், ரவி மறுபேச்சில்லாமல் சட்டையை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிடுவான். கட்டிய புருஷனுக்கே இந்தக் கதி என்றால் மற்றவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டுமா!

தென்காசியில், மாடிவீட்டு ஒற்றை அறையில் வேல்விழி மீன்பிடித் தூண்டில் ராடு செய்கிறாள். கடையில் கட்டுக்கட்டாய்த் தொங்குகிற சரக்கு அல்ல. ஆளின் உயரம் என்ன, கைநீளம் என்ன, அணை மீனா கடல் மீனா என்றெல்லாம் கேட்டு, கார்பன் குழாயில் பிடி பொருத்தி, நூல் சுற்றி வளையங்களைக் கட்டி, அவரவர் கைக்கென்று செய்வது. எல்லாம் முடிந்தபின் பெயர் ஒட்டுவாள். அதற்குத்தான் இத்தனை அமர்க்களம்.

'தண்ணி ஸ்டிக்கர்' என்பாள் அதை. பெயர் அச்சடித்த துண்டுத் தாளைப் பாயசக் கிண்ணத்து வெந்நீரில் போட்டால், சற்று நேரத்தில் பெயர் மட்டும் பாலாடைபோல் தாளைவிட்டு நழுவும். அதை அப்படியே ராட்டின்மேல் நகர்த்தி உட்கார வைத்து, அடியில் இருக்கிற தண்ணீரைத் தூரிகையால் ஒற்றி எடுக்க வேண்டும். கொஞ்சம் அழுத்தினால் கிழியும். கொஞ்சம் விட்டால் குமிழ் நிற்கும். காய்ந்தபின் மேலே பிசினைப் பூசி, பிசின் ஒரு பக்கமாய் வழியாமலிருக்க ராட்டை மோட்டாரில் சுற்ற விடுவாள். ஏதோ கல்யாண மேடையில் விளக்குச் சக்கரம் சுற்றிய மோட்டார் அது. பிசின் இறுகிவிட்டால் பெயர் கண்ணாடிக்குள் போனமாதிரி. கடலில் முக்கினாலும் அழியாது.

குற்றால அருவித் தண்ணீரில் ஒட்டினால்தான் மீன் கடிக்கும் என்று எவனோ கிளப்பிவிட்டிருக்கிறான். "எந்தத் தண்ணியில ஒட்டுதீய?" என்று கேட்பவர்களிடம் அவள் கூசாமல் "ஐந்தருவித் தண்ணி" என்பாள். குடத்தில் இருப்பது தெருக்குழாய்த் தண்ணீர். "சந்தோசமா நம்புதாவ. அதை எதுக்குக் கெடுக்கணும்?"

கல்யாணத்துக்கு முன்பு செல்போன் கடையில் வேலை பார்த்தவள். கண்ணாடித் திரைகளைக் குமிழில்லாமல் ஒட்டிய கை. ரவி குற்றாலத்துக்கு வேன் ஓட்டுகிறான். ஒரு சீசனில் கொல்லத்துக்காரர் ஒருவர் ஒடிந்த ராடு ஒன்றை வேனிலேயே போட்டுவிட்டுப் போனார். அதை வேல்விழி பிரித்துப் பார்த்து, ஒட்டி, நூல் சுற்றி நிமிர்த்தியதில் பிடித்த பைத்தியம்தான் இது.

ஆனால் இதுவரை செய்த ராடு அத்தனையிலும் ஒட்டிய பெயர் 'ரவி ராட்ஸ்'. ஆரம்பத்தில் அவன் சொன்னான்: "பொம்பளை செஞ்சதுன்னா வாங்குதவன் யோசிப்பான்லா." அவளும் சரி என்றாள். போனை அவள் எடுத்தால் "அண்ணாச்சிட்ட குடுங்க" என்பார்கள். ரவி போனைக் காதில் வைத்துக்கொள்வான். இவள் பக்கத்தில் நின்று முணுமுணுக்க முணுமுணுக்க அவன் கணீரென்று சொல்வான். கேட்கிறவனுக்கு அடடா, என்ன ஞானம் என்று தோன்றும்.

போன வருஷம் வடகரை சேக் தாவூது, துபாயிலிருந்து விடுப்பில் வந்தவர், மணப்பாட்டுக் கரையில் தன் இடுப்புயரத்துக்கு ஒரு பாறை மீனைத் தூக்கிவிட்டார். மீனும் ராடும் 'ரவி ராட்ஸ்' என்ற பெயருமாக அந்தப் படம் ஊர் ஊராகப் போயிற்று. டீக்கடையில் நாலு பேர் ரவியின் கையைக் குலுக்கினார்கள். அவன் ஈயென்று பல்லைக் காட்டிக்கொண்டு நின்றதைப் பால் வாங்கப் போன வேல்விழி பார்த்தாள். சண்டை போடவில்லை. வயிறு எரிந்தது, அவ்வளவுதான்.

இந்த ஆடியில் அதே தாவூது துபாய்க்குக் கொண்டுபோக ஒரு ராடு கேட்டார். அங்கே மீன் பிடிக்கிற கூட்டாளிகளிடம் காட்டுவாராம். வேல்விழி புதுத்தாளில் தன் பெயரை அச்சடித்தாள். வெறும் 'வேல்விழி', பொன்னிறத்தில்.

சோதனைக்கென்றே வந்ததுபோல் சாரல் பிடித்துக்கொண்டது. குளிக்க வருகிறவனுக்கு அது சொர்க்கம். ஸ்டிக்கர் ஒட்டுகிறவளுக்கு எமன். மை கரையாமலிருக்கத் தாளின்மேல் அடித்த வார்னிஷ் ஈரக்காற்றில் காயவே இல்லை. காய்ந்துவிட்டது என்று நம்பிக் கிண்ணத்தில் போட்டாள். மை கரைந்து தண்ணீர் மஞ்சளாயிற்று. அடுத்த பெயர் அழகாய் உட்கார்ந்தது. காற்று வரட்டும் என்று மேற்கு ஜன்னலைத் திறந்தாளே, அதுதான் தப்பு. காற்றோடு சாரலும் உள்ளே வந்து, பூசிய பிசின் பால் ஊற்றினதுபோல் வெளுத்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு சுரண்டி எடுத்தாள். தாளில் இன்னும் ஒரே ஒரு பெயர்தான் மிச்சம். தாவூதுக்கோ விடுப்பு முடியப் போகிறது.

ரவிக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. "ஏட்டி, பேசாம பழைய ஸ்டிக்கரையே ஒட்டிருவமா? அது நல்லா காஞ்சு ரெடியாக் கெடக்குல்லா."

"பங்குனி வெயில்ல காஞ்சது உங்க பேரு. என் பேரு சாரல்லயே காயட்டும்" என்றாள்.

புளியங்குடிச் சவாரிக்குப் போனவனிடம் அங்கே கோழிப்பண்ணை வைத்திருக்கிற அவன் சிநேகிதரிடமிருந்து, குஞ்சுகளுக்குச் சூடு காட்டுகிற மஞ்சள் குண்டு பல்பு வாங்கிவரச் சொன்னாள். ஆப்பிள் பெட்டிக்குள் அதைத் தொங்கவிட்டு, செருப்புப் பெட்டிகளில் வருகிற ஈரமுறிஞ்சிப் பொட்டலங்களை அடியில் பரப்பி, தாளை உள்ளே வைத்தாள். தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். விரல் ஒட்டாமல் வந்தபிறகுதான் விசிறியை நிறுத்தினாள், குக்கரை அணைத்தாள், புருஷனைத் தெருவுக்கு அனுப்பினாள். இதுவரை பெயரை ராடு பிடிக்கிறவர் வாசிக்கிற பக்கமாய்த்தான் ஒட்டியிருக்கிறாள். இந்தத் தடவை தலைகீழாய்த் திருப்பி, எதிரே நின்று படம் எடுக்கிறவர் வாசிக்கிற பக்கமாய் ஒட்டினாள். அப்புறம் பிசினைப் பூசி, பெட்டியின் இரு பக்கமும் ஓட்டை போட்டு ராட்டை நுழைத்து, மோட்டாரில் சுற்றவிட்டே அதையும் இறுக வைத்தாள். ஒரு குமிழ் இல்லை.

புறப்பாட்டுக்கு முந்தின நாள் தாவூது படியேறி வந்தார். ராட்டை வளைத்துப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. பிறகு பெயரைப் பார்த்தார்.

"வேல்விழியா? இது யாரு?"

"நான்தான் அண்ணாச்சி."

"ஓ, ரவி அண்ணாச்சி பொண்டாட்டி பேரை வச்சிட்டாவளா!" என்று சிரித்தவர், கொஞ்சம் தயங்கினார். "இல்ல தங்கச்சி, அங்கன பயலுவகிட்ட ரவி ராட்ஸ்னுதான் சொல்லி வச்சிருக்கேன். ஆர்டர் குடுக்க ஆளு நிக்கி. பழைய பேரையே போட்டுக் குடுங்களேன். நாளைக்கு ஏர்போட் போற வழியில வாங்கிக்கிடுதேன்."

வேல்விழி திரும்பிப் பார்த்தாள். மேசைமேல் 'ரவி ராட்ஸ்' தாள் கிடந்தது. எட்டினால் கையில் வரும். துபாய் ஆர்டர்கள் என்றால் சும்மாவா!

"முடியாது அண்ணாச்சி" என்றாள். "கொண்டு போனா இந்தப் பேரோட கொண்டு போங்க. இல்லைன்னா ராடு இங்கனயே இருக்கட்டும்."

தாவூது, வாசலோரம் நின்ற ரவியைப் பார்த்தார். நீயாவது சொல்லப்பா என்கிற பார்வை. டீக்கடையில் பல்லைக் காட்டிய அதே ரவி, தலையைச் சொறிந்தான்.

"அண்ணாச்சி, எனக்குத் தூண்டில்ல புழு கோக்கக்கூடத் தெரியாது. நீங்க பாறை பிடிச்சியளே, அந்த ராடும் இவ செஞ்சதுதான்."

"அப்ப போன்ல எனக்கு அம்புட்டு விளக்கம் சொன்னது?"

"இவ பக்கத்துல நின்னு சொல்லுவா. நான் சத்தமாச் சொல்லுவேன்."

தாவூது வாயைப் பிளந்தார். பிறகு மாடி அதிரச் சிரித்தார். ராட்டைத் திருப்பித் திருப்பி அந்தப் பெயரைப் பார்த்தார். "அடப் பாவிகளா! சரி, பயலுவளுக்குச் செஞ்ச ஆளைக் காட்டணும்லா. ராட்டைப் பிடிச்சிக்கிட்டு நில்லுங்க, ஒரு போட்டோ எடுத்துக்கிடுதேன்" என்று ராட்டை வேல்விழியிடம் நீட்டிவிட்டு, சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார்.

போட்டோ என்றதும் ரவி பழக்கதோஷத்தில் முன்னால் வந்து ராட்டுக்குக் கையை நீட்டினான். வேல்விழி கொடுக்கவில்லை. நெஞ்சுக்குக் குறுக்கே பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நின்று, பெயரின்மேல் இருந்த பெருவிரலைக் கொஞ்சம் விலக்கிக்கொண்டாள்.