ரசமட்டம் வாங்கிய ரெக்கார்டு செட்

எதிர் ஃபிளாட்டுக்காரரை எங்கள் கட்டடத்தில் எல்லோரும் ரசமட்டம் என்றுதான் சொல்வோம், அவர் இல்லாத நேரத்தில். அச்சகத்தில் முப்பத்தொரு வருஷம் மெஷின் ஓட்டியவர். புது மெஷின் இறங்கினால் அதன்மேல் மட்டம் பார்க்கிற ரசமட்டத்தை வைத்து, குமிழி நட்டநடுவில் வந்து நிற்கும்வரை யாரையும் பட்டனைத் தொட விடமாட்டாராம். வேலையை விட்டு வரும்போது அந்தக் கருவியையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். லிஃப்ட் ஒரு பக்கமாகச் சாய்கிறது என்று அசோசியேஷனுக்கு நாலு கடிதம் எழுதினார். கடைசியில் பார்த்தால் நிஜமாகவே சாய்ந்திருந்தது. அதில் எங்களுக்கு இன்னும் எரிச்சல்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சொந்தம் என்று இருப்பது ஒரே ஒரு தம்பி. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அப்பாவின் வீட்டைப் பாகம் பிரித்தபோது, ரெக்கார்டு பிளேயர் யாருக்கு என்று இரண்டு பேருக்கும் முட்டிக்கொண்டது. தம்பி பிளேயரைத் தூக்கிக்கொண்டு போனார். விடுவேனா என்று அண்ணன் ரெக்கார்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அங்கே போட்டுக் கேட்க ரெக்கார்டு இல்லை, இங்கே போட பிளேயர் இல்லை. வீம்பு பிடித்தால் மூளை எங்கேதான் போய் உட்கார்ந்துகொள்ளுமோ. பிளேயர் பிறகு பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டது என்று கேள்வி.

இந்த வருஷம் அறுபத்திரண்டு வயதில் அவரே ஒரு செட் வாங்கினார். தம்பியைக் கூப்பிட ஒரு சாக்கு வேண்டும், அவ்வளவுதான் விஷயம். ஆனால் வாங்குகிறவர் ரசமட்டம் ஆயிற்றே. இரண்டு மாதம் கடை கடையாக ஏறி இறங்கினார். பெட்டிக்குள்ளேயே ஸ்பீக்கர் வைத்த சூட்கேஸ் மாதிரி ஒன்றைக் காட்டினார்கள். ஊசி ரெக்கார்டை ரொம்ப அழுத்துகிறது, அப்பாவின் ரெக்கார்டு தேய்ந்துவிடும் என்று தள்ளினார். கடைசியில் டர்ன்டேபிள் ஒரு கடையில், பழைய ஆம்ப்ளிஃபயர் இன்னொரு கடையில், ஸ்பீக்கர் இரண்டும் மூன்றாவது கடையில். ஒரே கடையில் வாங்கியிருந்தால் அவர்களே வந்து மாட்டிக் கொடுத்திருப்பார்கள். அதைச் சொல்லப்போனால் நம்மை ஒரு பார்வை பார்ப்பார்.

பத்து நாள் கழித்து, நான் வேலை பார்க்கும் மருந்துக்கடைக்கு வந்து நின்றார்.

"காதுக்கு ஏதாவது சொட்டு மருந்து இருந்தா குடும்மா."

"வலிக்குதா, அடைச்சிருக்கா, சீழ் வருதா?"

"கேக்கல."

நான் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டு நிற்கிறவருக்குக் காது கேட்கவில்லையாம். சாயங்காலம் வீட்டுக்கு வந்து பார்க்கிறேன் என்று அனுப்பிவைத்தேன்.

போய்ப் பார்த்தால், சுவரோடு ஒட்டி ஒரு மேஜை. ஒரு காலுக்கு அடியில் மடித்த அட்டை. டர்ன்டேபிள் மேல் ரசமட்டம், குமிழி நடுவில். ஒற்றை நாற்காலி கிடந்த கூடத்தில் இன்னொன்று புதிதாக வந்திருந்தது, அதன் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை.

ரெக்கார்டைப் போட்டார். கொசு பாடுவது போல என்னவோ வந்தது.

"சத்தத்த முழுசா வச்சிருக்கேன். இவ்வளவுதான் கேக்குது. அவ்வளவு வருஷம் மெஷின் பக்கத்துல நின்னதுக்கு இப்ப காது போயிடுச்சு."

"எனக்கும் இவ்வளவுதான் சார் கேக்குது."

அவர் முகம் மலரும் என்று பார்த்தேன். மலரவில்லை.

"இல்லம்மா. போன ஞாயித்துக்கிழமை தம்பி வந்திருக்கான். பெல் அடிச்சிருக்கான். எனக்குக் கேக்கல. அவன் திரும்பிப் போயிட்டான்."

"வந்தேன்னு சொன்னாரா?"

"வரப் பாக்கிறேன்னு சொல்லியிருந்தானே."

வரப் பார்க்கிறேன் என்றால் என்ன அர்த்தம் என்று கைக்குழந்தைக்கும் தெரியும். அப்போதாவது நான் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் ஒன்றை எடுத்தால் முடிக்காமல் விடமாட்டேன், என் புத்தி அப்படி. டர்ன்டேபிள் வாங்கிய கடைக்கு போன் போட்டேன்.

"பின்னாடி ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும் மேடம். அதை மறுபக்கம் தள்ளினாத்தான் பழைய ஆம்ப்ளிஃபயர்ல சத்தம் வரும்," என்றான் கடைக்காரன்.

மேலே, கீழே, நான்கு மூலையிலும் மட்டம் பார்த்தவர் பின்பக்கம் மட்டும் பார்க்கவில்லை. மேஜையை இழுத்து ஸ்விட்சைத் தள்ளினேன். சத்தம் முழுசாக வைத்திருந்தது இரண்டு பேருக்கும் நினைவில்லை. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது, நான் இரண்டடி பின்னால் குதித்தேன். அவர் அவசரமாகக் குறைத்தார். அப்புறம் அந்தக் கூடத்தில் ஒரு பெண்குரல் தெளிவாகப் பாடியது. தொண்டையைச் செருமுவதுகூடக் கேட்டது.

"பாத்தீங்களா, காது நல்லாத்தான் இருக்கு," என்றேன்.

"பாட்டு வேற, பெல் வேறம்மா."

"அதையும் பாத்துடுவோம். நான் வெளியே போய் அடிக்கிறேன்."

"வேணாம்மா."

கேட்டேனா? வெளியே வந்து கதவைச் சாத்தி பெல்லை அழுத்தினேன். உள்ளே பாட்டு சட்டென்று நின்றது. ஊசியைத் தூக்கிவிட்டார். செருப்புச் சத்தம் கதவு வரைக்கும் வந்தது. அங்கேயே நின்றுவிட்டது.

கதவு திறக்கவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. காது நன்றாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை யாரும் பெல் அடிக்கவில்லை. தம்பி வரவே இல்லை. இத்தனை நாள் தன் காதைக் குறை சொல்லித் தம்பியைக் காப்பாற்றி வைத்திருக்கிறார் மனுஷன். நான் கெட்டிக்காரத்தனமாக ஒரு ஸ்விட்சைத் தள்ளி அதைப் பிடுங்கிவிட்டேன். வீட்டில் எனக்கும் யாரும் இல்லை. யாரும் அடிக்காத பெல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா?

ரொம்ப நேரம் கழித்துத் திறந்தார்.

"அடிச்சியாம்மா? எனக்குக் கேக்கவே இல்ல."

கண் சிவந்திருந்தது. பாட்டு நின்றதை நான் கேட்டேன் என்று அவருக்கும் தெரியும்.

"கேக்காது சார்," என்றேன். "பட்டன் பழசாயிடுச்சு. அழுத்தினா சில நேரம் அடிக்கவே மாட்டேங்குது."

அவர் பட்டனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மாத்தணும்மா," என்றார்.

இன்னும் மாற்றவில்லை. ஒரு தடவைகூட மக்கர் பண்ணாமல் நன்றாகத்தான் அடிக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான்தான் அடிக்கிறேன். உள்ளேயிருந்து விறுவிறுவென்று செருப்புச் சத்தம் வரும். திறந்ததும் அவர் கண் முதலில் என் தோளுக்குப் பின்னால் படிக்கட்டைப் பார்த்துவிட்டுத்தான் என்னிடம் வரும்.