அக்காவின் மோவாய்

அக்கா சலவைக் கடையில் துணி தேய்ப்பவள். இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றிக்கொண்டு அவள் சிரித்தால் தெருமுனை வரைக்கும் கேட்கும். மோவாயில் நாலைந்து முடி உண்டு. அதைப் பற்றி அவள் ஒருநாளும் அலட்டிக்கொண்டதில்லை.

தங்கை ஓவியக்காரி. பெண்களைப் பொம்மை மாதிரி வழுவழுவென்று வரைகிறவர்களைக் கண்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். தொங்கும் வயிறு, கறுத்த முழங்கை எதையும் விடமாட்டாள். பெண் இப்படித்தான் இருப்பாள், பிடித்தால் பாருங்கள் என்பது அவள் கட்சி. ஒரு மதியம் அக்கா கடையில் காலை அகட்டி நின்று வாய்விட்டுச் சிரித்ததை மனதில் வாங்கிக்கொண்டு வந்து பெரிதாக வரைந்தாள். கேட்டுவிட்டு வரைந்தாளா என்றால் இல்லை. சொந்த அக்காவிடம் என்ன கேட்பது?

கண்காட்சியில் அந்தப் படத்துக்குத்தான் நடு இடம். பார்த்தவர்கள் ஆஹா ஓஹோ என்றார்கள். அக்காவும் அரை நாள் விடுப்பு எடுத்து, இருப்பதில் நல்ல உடையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு ஆசையாக வந்தாள். வந்த நேரம், இரண்டு பேர் மோவாய் முடிகளைக் கிட்டப்போய் உற்றுப் பார்த்து, இது ஆணா பெண்ணா என்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா பின்னால் நின்று கேட்டாள். அடுத்த சுவருக்குப் போனாள். அங்கே இருந்தது ஓவியக்காரி தன்னையே வரைந்த படம்.

“நமக்கு ஒரே மோவாய்தானேடி,” என்றாள், பக்கத்தில் வந்து நின்ற தங்கையிடம். “உனக்கு மட்டும் முடி எங்க போச்சு?”

வாராவாரம் கண்ணாடி முன் நின்று ஒவ்வொன்றாகப் பிடுங்குகிறவள் ஓவியக்காரி. வரையும்போதும் அப்படியே விட்டுவிட்டாள். அது பொய் என்றுகூடத் தோன்றவில்லை. வீரமெல்லாம் அக்கா முகத்தோடு சரி, தன் முகத்துக்கு வந்ததும் பம்மிவிட்டோம் என்று நினைத்தபோது அவளுக்கே அவளைப் பிடிக்கவில்லை.

படங்கள் திரும்பி வந்ததும் அக்காவை வீட்டுக்கு அழைத்தாள். பிடுங்குவதை நிறுத்தியிருந்தாள். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க, தன் படத்தின் மோவாயில் முடிகளை வரைந்தாள்.

“உன்னைக் கேக்காம வரைஞ்சது தப்புக்கா. இனிமே அதை யாருக்கும் காட்டமாட்டேன்.”

“விடுடி. இல்லாததையா வரைஞ்சே?” என்ற அக்கா, தங்கையின் படத்தை எட்டிப் பார்த்தாள். “அய்யோ, போதும். உனக்குத் தாடியே வந்துடும் போல.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். பழைய சிரிப்புதான், தெருமுனை வரை கேட்கிற சிரிப்பு. ஓவியக்காரி நிம்மதியாகத் திரும்பிப் பார்த்தாள்.

அக்காவின் ஒரு கை மோவாயை மூடியிருந்தது.