ஊசிக்குள் இருந்த குமிழி

என் வயிற்றில் நானே ஊசி குத்திக்கொண்ட முதல் காலையில் எங்கள் வீட்டுக்குள் ஏழு பேர் இருந்தார்கள். அம்மா, அப்பா, தங்கை போக மற்றவர்கள் காலனிக்காரர்கள். ஜன்னலில் எட்டிப் பார்த்தவர்களை நான் சேர்க்கவில்லை. டாக்டரும் நர்ஸும் இல்லாமல் ஒருவன் தனக்குத் தானே ஊசி போட்டுக்கொள்வதை எங்கள் பக்கத்தில் யாரும் பார்த்ததில்லை. பள்ளிக்கூட அறிவியல் கண்காட்சியில் மேசைக்குப் பின்னால் நெஞ்சை நிமிர்த்தி நின்றேனே, அதே போலச் சட்டையைத் தூக்கிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். பயம் இருந்தது. அதைவிடக் குதூகலம் அதிகமாக இருந்தது.

அந்தக் குதூகலத்துக்கு இரண்டு காரணம். ஒன்று, பத்து நாளுக்கு முன்னால் நான் செத்திருக்க வேண்டியவன். இன்னொன்று, என் பெட்டியில் ஒரு வேலைக் கடிதம் இருந்தது.

கடிதம்தான் முதலில் வந்தது. சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்துத் தொழில் நகரில் கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் பயிற்சி வேலை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அம்மா கடற்கரை ரிசார்ட் ஒன்றில் அறை துடைக்கிறவள். அப்பா கொத்தனார். காலையில் கல்பாக்கம் ஸ்டாஃப் பஸ்கள் எங்கள் ரோட்டைத் தாண்டும்போது அம்மா ஒரு நொடி நின்று பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போவாள். கடிதம் வந்த அன்று, உனக்கும் பஸ் வருமா என்றுதான் முதலில் கேட்டாள். செங்கல்பட்டிலிருந்து கம்பெனி பஸ் உண்டு என்றேன். அன்று முழுக்க அவள் தரையிலேயே நடக்கவில்லை.

சேருவதற்கு ஒரு வாரம் இருக்கும்போது, மாமல்லபுரத்துக்குத் தெற்கே ரோட்டில் ஏறிக் கிடந்த கடல் மணலில் நண்பனின் பைக் வழுக்கியது. கால் உடைந்தது. ஒன்றரை மாதம் மாவுக்கட்டு. கம்பெனிக்காரர்கள் சேரும் தேதியைத் தள்ளிவைத்தார்கள். கட்டுப் பிரித்து நடக்கத் தொடங்கிய நாலாம் நாள், கிணற்றடியிலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் மூச்சு முட்டியது. மூச்சை உள்ளே இழுத்தால் விலாவில் கத்தி போட்டது போல வலி. சளி பிடித்திருக்கிறது என்று அம்மா கஷாயம் வைத்தாள். மறுநாள் இருமியபோது கைக்குட்டையில் சிவப்பு தெரிந்தது. செங்கல்பட்டுக்குக் கொண்டு ஓடினார்கள். அசையாமல் கிடந்த காலில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி கிளம்பி நுரையீரலில் போய் அடைத்திருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னார். இன்னும் கொஞ்சம் பெரிதாக இருந்திருந்தால் பேசிக்கொண்டிருக்க மாட்டாய் என்றும் சொன்னார்.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை கொடுத்தார்கள். எனக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை, உடம்பெல்லாம் தடித்துவிட்டது. ஆகவே ஊசி. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, மூன்று மாதத்துக்கு. மருந்து அடைத்தே வரும் சின்னச் சின்ன சிரிஞ்சுகள். சுகாதார நிலையத்துக்கு இரண்டு வேளையும் போய்ப் போட்டுக்கொள்ளலாம் என்றார் டாக்டரம்மா. ஆறு மணிக்கு பஸ் ஏறுகிறவன், இரவுதான் திரும்புவேன் என்று கடிதத்தைக் காட்டினேன். கம்பெனி இரண்டாவது முறையாகக் கொடுத்த தேதி ஒரு திங்கட்கிழமை. டாக்டர் சான்றிதழோடு வரவேண்டும், இனி தள்ளிவைக்க மாட்டோம் என்று எழுதியிருந்தார்கள்.

அவர் யோசித்துவிட்டுச் சொன்னார். நீயே போட்டுக்கொள்ளக் கற்றுக்கொள். திரும்பி வரும்போது என் முன்னால் போட்டுக் காட்டு. சரியாக இருந்தால் கையெழுத்துப் போடுகிறேன்.

நர்ஸ் இரண்டு முறை செய்து காட்டினார். தொப்புளிலிருந்து இரண்டு விரல் தள்ளி, சதையை மடித்துப் பிடித்து, ஊசியை நேராக இறக்கி, மெதுவாக அழுத்த வேண்டும். ஒரு வேளை இடப்பக்கம், மறுவேளை வலப்பக்கம். வார்டில் கூட்டம். மிச்சமெல்லாம் பெட்டிக்குள் இருக்கிற தாளில் இருக்கிறது, படிப்பாயா என்று கேட்டார். படிப்பேன் என்று நான் சொன்ன சத்தத்தில் பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்த்தார்.

படித்தேன். பொடி எழுத்து இங்கிலீஷை இரண்டு முறை படித்தேன். அதில் ஒரு வரி, சிரிஞ்சுக்குள் இருக்கும் காற்றுக் குமிழியை வெளியேற்றக் கூடாது என்றது. திரும்பப் படித்தேன். ஊசிக்குள் காற்று இருந்தால் ஆள் போய்விடுவான் என்பது எங்கள் காலனியில் குழந்தைக்கும் தெரியும். ஊசியை மேலே தூக்கி, விரலால் தட்டி, பீச்சி அடித்துவிட்டுத்தானே எந்த டாக்டரும் குத்துவார். எனவே இது அச்சில் வந்த பிழை என்று முடிவு செய்தேன். பேனாவை எடுத்தேன். கூடாது என்பதற்கான அந்தச் சொல்லின் மேல் ஒரு கோடு போட்டேன். கல்லூரியில் பாடப் புத்தகப் பிழைகளை ஓரத்தில் திருத்தி வைக்கும் பழக்கம் எனக்கு உண்டு.

அம்மாவிடம் சொன்னேன். அவள் அதைத் தெருவுக்கே சொல்லிவிட்டாள்.

முதல் காலையில் நான் சிரிஞ்சைக் கையில் எடுத்ததும் அம்மா தடுத்தாள்.

"இரு நைனா. உள்ள காத்து கீது பாரு."

"அது நேரா நெஞ்சுக்குப் பூடும்பா," என்றார் எதிர்வீட்டு அண்ணன். "அப்பறம் இன்னா, மாலை வாங்கியார வேண்டியதுதான்."

சிரிஞ்சை வெளிச்சத்தில் தூக்கினேன். சின்ன மிளகு அளவுக்குக் குமிழி. விரலால் தட்டி மேலே ஏற்றி, அழுத்தினேன். குமிழி போனது. ஊசி முனையில் இரண்டு சொட்டு மருந்து வந்து வழிந்தது. ஏழு பேரும் மூச்சு விட்டார்கள். மடிப்பைப் பிடித்துக் குத்தினேன். எறும்பு கடித்த அளவுதான். என்னால் முடிந்துவிட்டது. கத்த வேண்டும் போல இருந்தது. அதற்குள் அம்மா பஞ்சை வாங்கி, குத்திய இடத்தைக் கட்டை விரலால் அழுத்தித் தேய்க்கத் தொடங்கினாள். தேய்க்கக் கூடாது என்றும் தாளில் இருக்கிறது என்றேன். தேய்க்காமல் விட்டால் மருந்து கட்டிக்கொள்ளும் என்றாள். லேசாகத்தான் என்றாள். லேசாக என்றால், பத்து அறைத் தரையைத் துடைக்கிற விரலுக்கு லேசாக.

எட்டு நாள் இப்படியே நடந்தது. காலி ஊசிகளைப் போட அம்மா ரிசார்ட்டிலிருந்து பினாயில் கேன் ஒன்று கொண்டுவந்தாள். மருந்துப் பெட்டி தண்ணீர்ப் பானைக்கு அடியில், ஈர மணல் பக்கத்தில் குளிர்ச்சியாக இருந்தது. நான் நன்றாக மூச்சு விட்டேன், மாடிப்படி ஏறிப் பார்த்தேன், கடற்கரை வரை நடந்தேன். வயிறுதான் பார்க்கச் சகிக்கவில்லை. நாவற்பழத்தை நசுக்கித் தேய்த்தது போல இரண்டு பக்கமும் நீலம். ரத்தம் இளகியிருக்கிறது, அப்படித்தான் இருக்கும் என்று நானே சமாதானம் சொன்னேன்.

திங்கட்கிழமைக்கு ஆறு நாள் இருந்தது. செவ்வாய்க்கிழமை அம்மாவும் நானும் செங்கல்பட்டு போனோம். டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்து, நல்ல சட்டையைத் தூக்கி, சிரிஞ்சை எடுத்து ஸ்டைலாகத் தட்டினேன். தண்டை அழுத்துவதற்குள் நர்ஸ் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"இன்னா பண்றே தம்பி?"

"காத்தை எடுக்கறேன் சிஸ்டர்."

"யாரு எடுக்கச் சொன்னது?"

நான் பையிலிருந்து தாளை எடுத்தேன். எடுத்திருக்கக் கூடாது. டாக்டரம்மா வாங்கிப் பார்த்தார். நீலக் கோட்டின் மேல் அவர் கண் நின்றது. இதை அடித்தது யார் என்று மெதுவாகக் கேட்டார். நான் பதில் சொல்லுமுன் அம்மா முந்திக்கொண்டாள்.

"எம் புள்ளதாங்க. தப்பா அச்சடிச்சுக்கீறானுங்கோ, இவந்தான் கண்டுபுடிச்சான்."

அந்த அறையில் நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் என் வயிற்றையே பார்த்தேன். அதுவும் நன்றாக இல்லை.

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. குமிழி தற்செயலாக வந்ததல்ல, வேண்டும் என்றே வைத்தது, என்றார். குத்தும்போது அது மருந்துக்குப் பின்னால் நின்று கடைசிச் சொட்டு வரை உள்ளே தள்ளும். ஊசி இறங்குவது கொழுப்பில். ரத்தக் குழாயில் இல்லை. அந்தத் துளிக் காற்று யாரையும் கொல்லாது. நீ வேளைக்கு இரண்டு சொட்டு மருந்தைத் தரையில் ஊற்றியிருக்கிறாய். முனையில் வழிந்த சொட்டும், தேய்த்ததும் சேர்ந்துதான் இந்த நீலம். விரலில் கிளிப் மாட்டிப் பார்த்தார், நெஞ்சைக் கேட்டார், மறுபடி கேட்டார். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கையெழுத்துப் போடவில்லை. சனிக்கிழமை வா. புதிதாக ஒரு நீலம் இருந்தாலும் போட மாட்டேன் என்றார்.

திரும்பும் பஸ் திருக்கழுக்குன்றம் தாண்டியது. அந்த டாக்டரம்மாவுக்குக் குழந்தை உண்டா என்று அம்மா கேட்டாள்.

மாலை ஊசி நேரம். நான் சிரிஞ்சை எடுத்தேன். தட்டவில்லை. குமிழி உள்ளே பளபளவென்று நின்றது. அம்மா வந்து என் கையிலிருந்து அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

"வேலை போனா போவுது. நான் ரெண்டு வூட்டுல சேத்து வேலை செய்றேன். நீ வூட்லயே இரு."

உண்மையைச் சொல்கிறேன், திருப்பிக் கேட்க எனக்கும் மனம் வரவில்லை. டாக்டரம்மா சொன்னது மூளைக்குப் புரிந்தது. இருபத்திரண்டு வருடமாகக் கேட்டது உடம்பில் இருந்தது.

அப்பா அப்போதுதான் வேலையிலிருந்து வந்தார். நான் நடந்ததைச் சொன்னேன். அவர் தோளில் சுருட்டிப் போட்டிருந்த டியூபை இறக்கினார். சுவர் மட்டம் பார்க்கத் தண்ணீர் ஊற்றிப் பிடிக்கிற டியூப். கண்ணாடி போலத் தெரியும். உள்ளே குமிழி இருந்தால் மட்டம் தப்பிவிடும் என்று தினமும் குமிழியோடு மல்லுக்கட்டுகிறவர் அவர். டியூபின் ஒரு முனையை வாளிக்குள் சாய்த்தார். தண்ணீர் வழிந்தது. பாதியில் நின்றது. சுருளுக்குள் கொஞ்சம் தங்கிவிட்டது. மறுமுனையை வாயில் வைத்து ஊதினார். தங்கியிருந்த தண்ணீர் முழுக்க ஒரே ஓட்டமாக வாளியில் விழுந்தது.

"காத்து தள்னாதான்டி மொத்தமும் வெளிய வரும்," என்றார் அம்மாவிடம். "டாக்டரம்மா சொல்றது சரிதான். குட்த்துடு."

அம்மா டியூபைப் பார்த்தாள். வாளியைப் பார்த்தாள். சிரிஞ்சைத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு என் எதிரே தரையில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின் மேல் அழுத்தி உட்கார்ந்துகொண்டாள். தேய்க்க வராமல் இருக்க அவளுக்குத் தெரிந்த வழி அதுதான்.

நேராக இறக்கினேன். அழுத்தினேன். மருந்து இறங்க இறங்கக் குமிழி பின்னாலேயே வந்தது. கடைசியில் அதுவும் உள்ளே போனது. பார்த்துக்கொண்டே இருந்தோம். போய்விட்டது. பத்து எண்ணி ஊசியை எடுத்தேன். நெஞ்சில் கை வைத்துப் பார்த்தேன். அது ஓடிய ஓட்டம் எனக்குக் காதில் கேட்டது. அம்மா என் முகத்தையே பார்த்தாள். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். நான் சிரித்துவிட்டேன். சிரிக்கத் தொடங்கி நிறுத்த முடியவில்லை. தங்கை சிரித்தாள், அப்பா சிரித்தார்.

"இருக்கறியா?" என்றாள் அம்மா.

"இருக்கேன்மா."

அப்படியும் அவள் கையை எடுக்கவில்லை. எழுந்தபோது விரல்கள் மரத்துப்போய் உதறிக்கொண்டு போனாள்.

புதன், வியாழன், வெள்ளி, இரண்டு வேளையும் இதே. ஒவ்வொரு முறையும் அவள் எதிரில் வந்து கைமேல் உட்கார்ந்தாள். பழைய நீலம் மஞ்சளானது. புதிதாக ஒன்றும் வரவில்லை. சனிக்கிழமை டாக்டரம்மா முன்னால் குமிழியோடு குத்திக் காட்டினேன். அவர் வயிற்றை விளக்கு வெளிச்சத்தில் பார்த்தார், சான்றிதழை இழுத்தார், கையெழுத்துப் போட்டார். பேனா ஓடிய சத்தம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. வெளியே வந்ததும் அம்மா மருந்துத் தாளைக் கேட்டு வாங்கி, பெஞ்சில் விரித்து, அடித்ததைத் திரும்ப எழுது என்றாள். கோட்டுக்கு மேலே அந்தச் சொல்லை எழுதினேன். பெரிதாக எழுது என்றாள். பெரிதாக எழுதினேன்.

திங்கட்கிழமை ஆறு மணிக்கு முதல் ஊசி போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். செங்கல்பட்டில் கம்பெனி பஸ் நின்றது. ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். மாலை ஆறு மணிக்குக் கம்பெனி முதலுதவி அறையில் சட்டையைத் தூக்கியபோது, அன்றுதான் பழக்கமான மதுரைப் பையன் ஒருவன் எட்டிப் பார்த்துப் பதறினான். டேய், காத்து இருக்குடா உள்ளே. நான் மட்ட டியூப் கதையைச் சொல்லிக்கொண்டே குத்தினேன். அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

ஊருக்குள் பஸ் வந்து நின்றபோது அம்மா நிறுத்தத்தில் இருந்தாள். வேலை எப்படி, பஸ் எப்படி, சாப்பாடு எப்படி என்று எல்லாம் சொல்லத் தயாராக நான் இறங்கினேன். சொல்ல அவ்வளவு இருந்தது.

"காத்து உள்ள போச்சா?" என்றாள்.

"போச்சும்மா."

"மொத்தமுமா?"

"மொத்தமும்."

அப்புறம்தான் என் பையை வாங்கிக்கொண்டு, உன் பஸ் இன்னா கலர் என்று கேட்டாள்.