வைத்தியர் கை வைத்த சர்வர்

அவருக்கு ஆபீஸில் வைத்தியர் என்று பெயர். ஊசி போடத் தெரியாது, நாடி பிடிக்கத் தெரியாது, ரத்தத்தைப் பார்த்தால் தலை சுற்றும். இருந்தாலும் வைத்தியர்தான். மருத்துவமனைகளுக்கு மென்பொருள் எழுதும் அந்த ஆபீஸில் ‘கிளாஸ் கிடைக்கவில்லை’, ‘கிளாஸை ஏற்ற முடியவில்லை’ (கிளாஸ் என்றால் புரோகிராமில் ஒரு துண்டு) என்று எங்கே பிழை வந்தாலும் அவரைத்தான் தேடி வருவார்கள். அவரும் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, குரலைக் கொஞ்சம் இறக்கி, “எப்போலேருந்து இப்படி இருக்கு?” என்று கேட்பார். அந்தப் பந்தாவுக்குக் கிடைத்த பட்டம் அது. கிண்டலுக்கு வைத்த பெயர் என்று அவருக்கே தெரியும். தெரிந்தும், யாராவது அப்படிக் கூப்பிட்டால் உள்ளுக்குள் குளுகுளு என்றிருக்கும். என்ன செய்வது, மனுஷன் அப்படி.

வீட்டில் இந்தப் பட்டமெல்லாம் செல்லாது. அவர் பழுது பார்த்த மிக்ஸி, மூடியை ஒரு ஆள் அமுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றால்தான் ஓடும். அவர் இறுக்குவதற்கு முன்னால் சொட்டிக்கொண்டிருந்த குழாய், இறுக்கிய பிறகு கொட்டியது. எதைக் கழற்றிப் பூட்டினாலும் கடைசியில் ஒரு ஸ்க்ரூ கையில் மிச்சம் இருக்கும். “கம்பெனிக்காரன் தேவையில்லாம ஒண்ணு சேர்த்துப் போட்டிருக்கான்” என்று சொல்லிவிட்டு அதை அலமாரிக்குள் போட்டுவிடுவார்.

அந்த ஆபீஸின் மென்பொருளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் இவர் அடித்த கூத்து புரியாது. ஜாவா என்கிற கம்ப்யூட்டர் மொழியில் எழுதியது அது. ஒரே மொத்தையாக இல்லாமல் தனித்தனி மாட்யூல்களாகப் பிரித்து வைத்திருந்தார்கள். ஒரே வீட்டில் தனித்தனி அடுப்பு வைத்துக் குடியிருக்கும் அண்ணன் தம்பிகள் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருத்தர் சாமான், அதாவது கிளாஸ், இன்னொருத்தருக்குத் தானாகக் கிடைத்துவிடாது. எனக்கு இன்னது வேண்டும் என்று ஒரு மாட்யூல் எழுதி வைக்க வேண்டும், நான் இன்னது தருகிறேன் என்று இன்னொன்று எழுதி வைக்க வேண்டும். இரண்டும் பொருந்தினால்தான் வேலை நடக்கும். இதில் பெரிய வசதி, சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு மாட்யூலை மட்டும் எடுத்துவிட்டுப் புதியதை மாட்டலாம். வைத்தியருக்கு இதில் அபாரப் பெருமை. எதற்கெடுத்தாலும் சர்வரை ரீஸ்டார்ட் செய்கிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகவே ஆகாது. “ரீஸ்டார்ட் பண்றதுக்கு எதுக்குங்க ஒரு இன்ஜினியர்? கரண்ட் போனா அதுவே பண்ணிக்குது!” என்பார்.

இந்த ஆபீஸில்தான் அவர் மனைவியும் வந்து சேர்ந்தாள். கல்யாணத்துக்கு முன்னால் அவளும் இதே வேலை பார்த்தவள்தான். உண்மையைச் சொல்வதென்றால் அவரைவிட நன்றாகவே பார்த்தவள். பிள்ளைகளுக்காக வேலையை விட்டாள், சின்னவன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் திரும்பி வந்தாள். டாக்டரைப் பார்க்க நேரம் பதிவு செய்யும் மாட்யூலை அவளிடம் கொடுத்தார்கள். புரொபேஷன் முடியும் நாளில் அதை மேனேஜர் முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும். ஓடினால் வேலை நிரந்தரம். ஓடாவிட்டால் பழையபடி வீடுதான். அவள் இதைப் பற்றி வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்த வாரம் முழுக்கத் தட்டைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தே சாப்பிட்டாள்.

ஆபீஸுக்குள் நுழைந்துவிட்டால் அவர் ‘சார்’, அவள் ‘மேடம்’. இது இவர் போட்ட சட்டம். வீட்டில் “என் சாக்ஸ் எங்க வெச்ச?” என்று கத்திவிட்டு வந்த அதே வாய், லிஃப்டை விட்டு இறங்கியதும் “குட் மார்னிங் மேடம்” என்னும்.

ஓட்டிக் காட்ட வேண்டிய நாள் வந்தது. அன்று முற்பகலில் அவள் அவர் மேஜைக்கு வந்து நின்றாள்.

“சார், மறுபடியும் அந்த எரர்.”

அவள் திரையில் என்ன எழுதியிருந்தது என்றால், ‘பேஷன்ட்’ என்ற கிளாஸை ‘பேஷன்ட்’ என்ற கிளாஸாக ஏற்க முடியாது என்று. வெளியாள் பார்த்தால் கம்ப்யூட்டருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றுதான் நினைப்பார். வைத்தியர் அப்படி நினைப்பாரா? ஒரே கிளாஸ் இரண்டு பிரதிகளாக உள்ளே வந்துவிட்டால் இப்படித்தான் ஆகும். பெயர் ஒன்றாக இருந்தாலும் ஜாவாவுக்கு இரண்டும் வேறு வேறு ஆட்கள்.

“காலைல வந்ததும் ஓட்டிப் பார்த்தேன் சார், நல்லாதான் ஓடுச்சு. நேத்தும் அப்படித்தான். கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் வருது” என்றாள்.

“எரர் என்ன டிவி சீரியலா மேடம், நேரம் பார்த்து வர்றதுக்கு? பேஷன்ட் கிளாஸ் என்னோட பொது மாட்யூல்ல இருக்கு. நீங்க அதை ஒரு காப்பி எடுத்து உங்க மாட்யூலுக்குள்ளயும் அடைச்சு வெச்சிருப்பீங்க. புதுசா வர்றவங்க எல்லாரும் பண்றதுதான்.”

“அடைக்கலை சார். பிரிச்சுப் பார்த்துட்டேன்.”

“சரியா பாருங்க” என்று எழுந்து அவள் மேஜைக்குப் போனார். போனதும், தினமும் காலையில் தன் சீட்டில் ஒரு தடவையும், அப்புறம் எங்கே போனாலும் முதலில் ஒரு தடவையும் செய்கிற காரியத்தைச் செய்தார். “முதல்ல லேட்டஸ்ட்டைப் போட்டுக்கலாம்” என்று சொல்லித் தன்னுடைய பொது மாட்யூலையும், நோயாளிகளைப் பதிவு செய்யும் மாட்யூலையும் புதிதாக மாட்டினார். பிறகு ஓட்டினார். எரர் கல்லுக்குண்டு மாதிரி வந்து நின்றது. “பார்த்தீங்களா?” என்றார், ஏதோ சாதித்துவிட்ட மாதிரி.

கொஞ்ச நேரத்தில் எல்லாரும் நின்றுகொண்டே பேசும் தினசரிக் கூட்டம். அந்த அறையின் வெள்ளைப் பலகையில் யாரோ அழியாத மையில் எழுதிய அம்புக்குறிகள் எப்போதும் இருக்கும். மேனேஜர், வைத்தியரைவிட வயதில் சின்னப் பெண், எங்கே பிரச்சனை என்று கேட்டாள். வைத்தியர் தொண்டையைச் செருமினார். மனைவி என்று பார்க்காமல் நியாயம் பேச வேண்டும் இல்லையா!

“மேடம் பக்கம்தாங்க பிரச்சனை. கேப் விட்டு வந்திருக்காங்க, கொஞ்சம் டைம் எடுக்கும்.”

பெருந்தன்மையாகப் பேசிவிட்டதாகத்தான் அவருக்கு நினைப்பு. ஆனால் மேனேஜர் பேனாவைத் தட்டிக்கொண்டே, “அப்போ இன்னிக்கு ஓட்டிக் காட்டுற ரிவ்யூவை விட்டுடலாமா? இந்த மாட்யூலை வேற யார்கிட்டயாவது குடுத்துடலாம்” என்றாள்.

“வேண்டாம். மதியமே வெச்சுக்கலாம்” என்றாள் அவர் மனைவி. அவர் பக்கம் அவள் திரும்பவே இல்லை. அப்போதுதான் வைத்தியருக்கு உறைத்தது. அட முட்டாளே, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கக் கூடாதா?

எல்லாரும் சாப்பிடப் போனார்கள். அவர் போகவில்லை. அவள் எங்கோ ஒளித்து வைத்திருக்கும் அந்தக் காப்பியை எப்படியாவது கண்டுபிடித்து, ரிவ்யூவுக்கு முன்னால் எடுத்துக் கொடுத்துவிடுவது என்று உட்கார்ந்தார். இந்த கிளாஸை யார் யார் தருகிறீர்கள் என்று சர்வரைக் கேட்கும் கட்டளையை அடித்தார். வாரம் முழுக்க வாயாலேயே வைத்தியம் பார்த்தவர், முதல் தடவையாக நோயாளியைத் தொட்டுப் பார்த்தார்.

சர்வர் இரண்டு பேரைக் காட்டியது. அதில் அவள் மாட்யூல் இல்லை. ஒன்று அவருடைய பொது மாட்யூல். இன்னொன்றும் அவருடைய பொது மாட்யூல்தான். ஒன்று புதுசு, ஒன்று பழசு.

மூஞ்சியில் ஈயாடவில்லை. விஷயம் இதுதான். புதிய மாட்யூலை மாட்டியதும் பழையது உடனே போய்விடாது. அதை ஏற்கனவே உபயோகித்துக்கொண்டிருக்கிறவர்கள் பழையதையே பிடித்துக்கொண்டிருப்பார்கள். மாட்டிய பிறகு ‘ரெஃப்ரெஷ்’ என்று இன்னொரு கட்டளை கொடுத்தால்தான் எல்லாரும் அதை விட்டுவிட்டுப் புதியதற்கு மாறுவார்கள். அவர் அதைக் கொடுக்கவே இல்லை. அவர் மாட்டிய நோயாளிப் பதிவு மாட்யூல் புதிய பேஷன்ட்டை அனுப்ப, அவள் மாட்யூல் பழைய பேஷன்ட்டை வைத்துக்கொண்டு, இது யாரோ எவரோ என்று முழித்திருக்கிறது. ராத்திரியில் சர்வர் தானாக ரீஸ்டார்ட் ஆகும்போது எல்லாம் சரியாகிவிடும். காலையில் ஒழுங்காக ஓடும். அப்புறம் இந்த மகானுபாவர் தன் சீட்டுக்கு வந்ததும் லேட்டஸ்ட்டைப் போடுவார். அத்தோடு போச்சு. வைத்தியம் பார்க்க வந்தவரே தினமும் சீக்கைக் கொண்டுவந்து ஒட்டவைத்துவிட்டு, எப்போலேருந்து இப்படி இருக்கு என்று கேட்டிருக்கிறார்!

இந்த ரெஃப்ரெஷ் சமாசாரத்தை ஆபீஸ் முழுவதற்கும் கிளாஸ் எடுத்துச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான். படமெல்லாம் போட்டு, அம்புக்குறியெல்லாம் ஓடவிட்டு. “அடப்பாவி” என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு அந்த ஒரு சொல்லை அடித்தார். எரர் போயே போய்விட்டது.

பக்கத்து சீட்டுக்காரர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தவர் திரையைப் பார்த்துவிட்டார். “வைத்தியர் குணப்படுத்திட்டாருப்பா!” என்று ஊரைக் கூட்டினார். அந்தப் பக்கமாகப் போன மேனேஜரும் கட்டை விரலை உயர்த்திக் காட்டினாள். இவர் அசடு வழியச் சிரித்தார். சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எரர்தான் போய்விட்டதே, அவள் வேலை நிரந்தரமாகிவிடும், இனி எதற்கு வீணாக நம் மானத்தை வாங்கிக்கொள்வது என்று ஒரு கணக்குப் போட்டார்.

மதியம் ரிவ்யூ. அவள் மாட்யூல் ஒரு தடங்கல் இல்லாமல் ஓடியது. கேட்ட கேள்விக்கெல்லாம் நிதானமாகப் பதில் சொன்னாள். வைத்தியர் மூலையில் உட்கார்ந்து, பெண்ணைப் பரீட்சைக்கு அனுப்பிவிட்டு வாசலில் நிற்கும் தகப்பன் மாதிரி கையைப் பிசைந்துகொண்டிருந்தார்.

“நல்லா பண்ணியிருக்கீங்க” என்றாள் மேனேஜர். “ஆனா காலைல இருந்த எரரை உங்க வீட்டுக்காரர்தான் சரி பண்ணிக் குடுத்தாருன்னு சொன்னாங்க. அவர் இல்லாம தனியா சமாளிப்பீங்களான்னு யோசனையா இருக்கு. புரொபேஷனை இன்னும் கொஞ்ச நாள் நீட்டிச்சுப் பார்க்கலாமே?”

அவள் கையிலிருந்த மார்க்கரின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். அந்த டக், டக் சத்தத்தை வைத்தியரால் தாங்க முடியவில்லை. எழுந்த வேகத்தில் மேஜையில் இருந்த தண்ணீர் பாட்டிலை வேறு தட்டிவிட்டார்.

“அது அவங்க தப்பு இல்லைங்க. நான்தான். தினமும் வந்து புது மாட்யூலைப் போட்டேன், ரெஃப்ரெஷ் பண்ணலை. எரரைக் கொண்டு வந்ததே நான்தான். அவங்க கோடுல ஒரு வரிகூட மாத்தலை.”

பக்கத்து சீட்டுக்காரர் ‘புர்’ என்று சிரிப்பை ஆரம்பித்துவைக்க, எல்லாரும் சிரித்துத் தீர்த்தார்கள்.

“நீங்க எடுத்த கிளாஸ்லதானே சார் நானே ரெஃப்ரெஷ் கத்துக்கிட்டேன்?” என்றாள் மேனேஜர்.

“நான்தான் அன்னிக்குத் தூங்கிட்டேன் போல” என்றார் வைத்தியர்.

வேலை நிரந்தரமானது. கூடவே ஒரு உத்தரவும் வந்தது. இனி சர்வரில் எதை மாட்டுவதாக இருந்தாலும் வைத்தியர் மேடத்திடம் கேட்டுவிட்டுத்தான் மாட்ட வேண்டும்.

சாயங்காலம் பஸ்ஸில் இரண்டு பேருக்கும் சேர்ந்த மாதிரி இடம் கிடைத்தது. மானம் போனாலும் வைத்தியருக்கு மனசு லேசாக இருந்தது. ஒரு நல்ல வார்த்தையாவது வரும் என்று அவள் முகத்தைப் பார்த்தார். வரவில்லை. தானே ஆரம்பித்தார்.

“நல்லவேளை, கடைசி நேரத்துலயாவது நான் கண்டுபிடிச்சேன்.”

“எனக்கு நேத்து சாயங்காலமே தெரியும்” என்றாள் அவள். “நீங்க வந்து போட்டுட்டுப் போன பிறகுதான் வருதுன்னு கவனிச்சேன். ரெஃப்ரெஷ் பண்ணிப் பார்த்தேன், போயிடுச்சு. மதியமும் நானே பண்ணியிருப்பேன், அதுக்குள்ள நீங்க பண்ணிட்டீங்க.”

“நேத்தேவா? அப்புறம் எதுக்குக் காலைல எங்கிட்ட வந்து காட்டின?”

“நீங்களா ஒரு தடவை பார்ப்பீங்களான்னுதான்.”

“அதுக்கு நேராவே சொல்லியிருக்கலாம் இல்ல? அத்தனை பேர் முன்னாடி நான் அப்படிப் பேசினப்போகூட வாயே திறக்கலை நீ.”

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை.

“தப்பு உங்க மேலதான்னு நான் சொல்லியிருந்தா, நம்பியிருப்பீங்களாங்க?”

நம்பியிருப்பேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

“இல்ல” என்றார். “நம்பியிருக்க மாட்டேன்.”

அவள் தலையை ஆட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.