செப்பு மேசையின் மூலை

எனக்கு எட்டு வயதான வருடம் முழுவதும் அப்பாவும் பெரியப்பாவும் ஒருவரோடு ஒருவர் கதைக்கவில்லை. வெள்ளவத்தையில், கடற்கரை ரயில் பாதையோரம் ஒரே தொடர்மாடியில், எங்களுக்கு நேர் மேல் வீட்டில்தான் பெரியப்பா இருந்தார். சண்டைக்குக் காரணம் எனக்கு இன்றும் தெரியாது. கேட்டால் இரண்டு பேரும் இரண்டு கதை சொல்வார்கள். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் நான்தான் படியேறித் தூது போவேன். அந்த உத்தியோகத்தில் எனக்குக் கொஞ்சம் திமிரும் இருந்தது.

எங்கள் சாப்பாட்டு மேசையின் பலகை, சூடான சட்டிகளை வைத்து வைத்தே கறுத்துப் போயிருந்தது. அதற்கு மேல் செப்புத் தகடு ஒட்டினால் என்ன என்று அப்பாவுக்கு ஒரு யோசனை. பெரிய தகடொன்றைச் சுருட்டி ஓட்டோவில் கொண்டுவந்தார். பலகையைத் தேய்த்துச் சமப்படுத்தி, பலகையிலும் தகட்டின் அடியிலும் பசை பூசிக் காயவிட்ட பிறகுதான், இதை வைக்க இரண்டு பேர் வேண்டும் என்பது அவருக்கு உறைத்தது. அந்தப் பசை தொட்டால் தொட்டதுதான், எடுத்து மறுபடி வைக்க முடியாது. அம்மா உடனே தனக்குக் கை சுளுக்கு என்றார். காலையில் தேங்காய் துருவியபோது அந்தக் கை நன்றாகத்தான் இருந்தது.

நான் மேலே ஓடினேன். பெரியப்பா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, அப்பாவின் முகத்தைப் பாராமல் தகட்டின் ஒரு முனையைப் பிடித்தார்.

"பிள்ளை, பெரியப்பாவிட்டச் சொல்லு, இன்னும் கொஞ்சம் இடப்பக்கம்," என்றார் அப்பா. இருவருக்கும் இடையில் இருந்தது ஒரு மேசை மட்டுமே.

"ஆற்ற இடப்பக்கம், தன்ரையோ என்ரையோ எண்டு கேள்," என்றார் பெரியப்பா.

நான் வாயைத் திறந்த நேரம் பார்த்துக் கடற்கரை ரயில் வந்தது. யன்னலெல்லாம் அதிர்ந்தன. நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. தகடு நடுவில் தொய்ந்து இறங்கத் தொடங்கியது.

"தம்பி, விடாதை! தூக்கு, தூக்கு!" என்று பெரியப்பா அலறினார்.

"அண்ணை, உங்கட பக்கம்தான் இறங்குது!"

ரயில் போன பிறகும் இருவரும் கத்திக்கொண்டே இருந்தார்கள். தகடு கோணலாக ஒட்டிவிட்டது. ஒரு மூலையில் இரண்டு விரல் அகலத்துக்கு மரம் பல்லிளித்தது. அப்பா அதைப் பார்த்தார், பிறகு பெரியப்பாவைப் பார்த்தார். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டார் வந்து கதவைத் தட்டினார்கள். எனக்கு மட்டும் ஆத்திரம். இனி என்னை யார் தூது அனுப்பப் போகிறார்கள்?

அன்று பின்னேரமே இருவரும் மரச்சுத்தியலால் ஓரங்களை மடித்துத் தட்டிச் சின்ன ஆணிகள் அடித்தார்கள். அம்மா சுளுக்கை மறந்து பழப்புளியும் உப்பும் போட்டுத் தேய்க்க, மேசை கோயில் குடம் மாதிரி மின்னியது. மங்காமல் இருக்க அப்பா மெல்லிதாக வார்னிஷ் பூசினார். "அந்த மூலையை நாளைக்கு வந்து பாக்கிறன்," என்று சொல்லிவிட்டுப் பெரியப்பா போனார்.

சொன்னபடியே மறுநாள் வந்தார். மூலையைத் தடவிப் பார்த்தார், தேத்தண்ணி குடித்தார், அப்பாவோடு கிரிக்கெட் கதைத்தார், போய்விட்டார். அடுத்த நாளும் அப்படித்தான். இரண்டு கிழமையாகியும் மூலை மூலையாகவே இருந்தது. இவ்வளவு சின்ன வேலைக்கு இவ்வளவு சோம்பலா என்று எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு சனிக்கிழமை, வெட்டி மிஞ்சிய துண்டொன்றை எடுத்து, மிச்சமிருந்த பசையைப் பூசி நானே ஒட்டித் தட்டிவிட்டேன். கொஞ்சம் நெளிந்திருந்தாலும் மரம் தெரியவில்லை.

பின்னேரம் பெரியப்பா வந்ததும் கையைப் பிடித்து இழுத்துப் போய்க் காட்டினேன். அவர் மூலையில் கையை வைத்தபடி நின்றார். அப்பா தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். குசினி வாசலில் அம்மா அசையாமல் நின்றார். ஒருவரும் என்னைக் கெட்டிக்காரி என்று சொல்லவில்லை.

பெரியப்பா மெல்லக் குனிந்து, மேசையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தார்.

"நடுவில ஒரு இடம் மேடாக் கிடக்கு, தம்பி. நாளைக்கு வந்து பாக்கிறன்."

"ஓம் அண்ணை, எனக்கும் அப்பிடித்தான் தெரியுது," என்றார் அப்பா.

நான் மேசையில் கன்னத்தை வைத்துப் பார்த்தேன். எங்கேயும் மேடு இல்லை. பாவம், இரண்டு பேருக்கும் ஒரே நாளில் கண் பழுதாகிவிட்டதே என்று எனக்கு அழுகை வந்துவிட்டது. ஓடிப்போய், இருவரையும் கண் டாக்டரிடம் கூட்டிப்போகும்படி அம்மாவிடம் கெஞ்சினேன்.