ஐம்பது கிலோ என்று நான் சொன்ன பொய்

போன மாரி மழையில், தோப்பூர் சந்தையிலிருந்து வயல் பக்கம் இறங்குகிற தெருவில், வண்டி திருத்துகிற ஒரு கராச்சில் நடந்த கதை இது. கராச் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். நாலு தகரம், ஒரு வெல்டிங் பெட்டி, அதன் சொந்தக்காரர். அவ்வளவுதான்.

என் அக்கா தோப்பூரைத் தாண்டி வயல்களுக்கு நடுவில் தனியாக இருக்கிறா. சீனி வருத்தக்காரி. காலில் ஒரு புண் வந்து விரல் கறுக்கத் தொடங்கிவிட்டது. போனில் படத்தைப் பார்த்த டொக்டர், இன்றைக்கே திருகோணமலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவராவிட்டால் காலையே எடுக்க வேண்டி வரும் என்றுவிட்டார். நான் திருகோணமலையிலிருந்து முதல் பஸ் பிடித்து ஓடினேன்.

தோப்பூரில் இறங்கிப் பார்த்தால் அக்கா வீட்டுக்குப் போகிற வயல் பாதையைக் காணவில்லை. ஆறு நாள் மழையில் இரண்டு கிலோமீற்றரும் கூழாகிவிட்டது. போகப் பார்த்த ஒரு டிராக்டர் பாதியில் புதைந்து நின்றது. அதன் ஸ்டியரிங்கில் ஒரு கொக்கு இருந்தது, தானே ஓட்டிவந்த மாதிரி. அக்காவைக் கதிரையில் வைத்துத் தூக்கலாம் என்றால், தூக்குகிறவர்களைத் தூக்க வேறு ஆட்கள் வேண்டும்.

அப்போதுதான் அந்தக் கராச்சில் நாலு சில்லு மோட்டச் சைக்கிள் ஒன்று நிற்பதைக் கண்டேன். நிலாவெளிக் கடற்கரையில் வெள்ளைக்காரர் ஓடி விளையாடி முறித்ததாம். கராச்காரர் அதை வாங்கித் திருத்தித் தன் வயலுக்குப் போய்வர வைத்திருந்தார். ஒவ்வொரு சில்லும் என் பேத்தியின் கன்னம் மாதிரி ஊதிப்போய் இருந்தது.

"தம்பி, இது சேத்துக்குள்ள போகுமோ?"

"போகும்மா. ஆனா ஒராளுக்குத்தான் சீட் இரிக்கு. பின்னால ஆள ஏத்தினா பிரளும்."

"அப்ப பிரளாத மாதிரி இன்னொரு சீட் போட ஏலாதோ? என்ர அக்காவின்ர கால் போகப்போகுது தம்பி."

போனில் இருந்த படத்தைக் காட்டினேன். அவர் அதைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், வெல்டிங் கண்ணாடியை எடுத்து மாட்டினார்.

பழைய முச்சக்கர வண்டி ஒன்றின் பின் சீட்டைப் பாதியாக வெட்டி, பின்பக்கக் கரியரில் வைத்து ஒட்டினார். சாய்ந்திருக்க இரும்புப் பைப், பிடிக்க இரண்டு கைபிடி, இடுப்புக்குப் பெல்ட். புண் காலில் சேறு படக்கூடாது என்று உடுப்புத் தோய்க்கிற ஒரு நீலப் பிளாஸ்டிக் பேசினைக் கால் வைக்கிற இடத்தில் ஆணி போட்டு முடுக்கினார்.

"உங்கட அக்கா எத்தின கிலோ வருவாங்க?"

"நானும் அவவும் ஒரே அளவு. நான் போட்டிருக்கிறதே அவவின்ர சட்டைதான்."

"அப்ப நீங்க எத்தின கிலோ?"

பக்கத்து அரிசி ஆலையிலிருந்து ஐந்தாறு ஆம்பிளைகள் வந்து வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் முகத்தை மாற்றாமல் "ஐம்பது" என்றேன். முழுப் பொய்யும் இல்லை. என் கலியாணத்தன்று அவ்வளவுதான் இருந்தேன்.

அவர் ஐம்பது கிலோ உரப் பை ஒன்றைக் கொண்டுவந்து சீட்டில் இருத்தி, "வாங்க ராத்தா, பெல்ட்டப் போடுங்க" என்று அதைக் கட்டினார். முஸ்லிம் ஆட்கள் அக்காவை ராத்தா என்றுதான் கூப்பிடுவார்கள். பின்னால் இருந்த சேற்று வாய்க்காலில் இறக்கி, வரம்பில் ஏற்றினார். உரப் பை ராத்தா அசையவே இல்லை. நான் கைதட்டினேன்.

"இப்ப நீங்க ஏறுங்கம்மா. உசிருள்ள ஆள் எப்பிடி ஆடும் எண்டு பாக்கணும்."

ஏறினேன். வாய்க்கால் வரைக்கும் நல்ல சோக்கு. வரம்பில் ஏறத் தொடங்கியதும் முன் சில்லு இரண்டும் நிலத்தை விட்டு எழும்பின. எனக்கு வானம் மட்டும்தான் தெரிந்தது. "மாதாவே!" என்று கத்தினேன். அவர் அப்படியே முன்னால் பாய்ந்து ஹாண்டிலின் மேல் படுத்தார். சில்லு தொப்பென்று கீழே வந்தது.

எஞ்சினை நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

"அம்மா, உரப் பை பொய் சொல்லாது. நீங்க எத்தின கிலோ?"

"எழுபது வரும்," என்றேன், மண்புழுவுக்கு மட்டும் கேட்கிற சத்தத்தில்.

அதையும் அவர் நம்பவில்லை. ஆலைக்குக் கூட்டிக்கொண்டு போய், அரிசி மூட்டை நிறுக்கிற தராசில் ஏற்றினார். எழுபத்தாறு.

"சாக்கோட நிறுத்ததோ?" என்று ஆலைக்காரர் ஒருவர் கேட்டார்.

"ஓம், சாக்கக் கழிச்சுப் பாருங்கோ!" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அவர் ஒட்டிய இரும்பு முழுவதையும் கிரைண்டரால் வெட்டத் தொடங்கியபோது எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. என் வெட்கத்துக்காக இரண்டு மணித்தியாலம் போகப்போகிறது. அக்காவின் காலிடம் அந்த இரண்டு மணித்தியாலம் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது.

அவர் ஒரு சொல் ஏசவில்லை. சீட்டைப் பின் சில்லுக்கு முன்னால் வருகிற மாதிரித் தள்ளி ஒட்டினார். முன்பக்கம் ஒரு மண் மூட்டை கட்டினார். பள்ளிவாசலில் பாங்கு சொன்னதும் கையைக் கழுவிக்கொண்டு போய்த் தொழுதுவிட்டு வந்தார். தேத்தண்ணி கொடுத்தேன், அது ஆறிப்போய்க் கிடந்தது. பிறகு எண்பது கிலோவுக்கு அரிசி மூட்டை கட்டி ஏற்றி ஓட்டினார். முதல் தரம் பெல்ட் வழுக்கி, மூட்டை சேற்றுக்குள் குப்புற விழுந்தது. என் ஐம்பதை நம்பியிருந்தால் அது அக்காவாக இருந்திருக்கும். அவர் சேற்றில் இறங்கி அதைத் தூக்கி ஏற்றி, தோளுக்கும் ஒரு பட்டி வைத்துத் திரும்ப ஓட்டினார். பிறகும் ஓட்டினார். நாலாவது தரம்தான், "இனிப் போகலாம்" என்றார்.

திரும்பி வர அக்காவுக்குத்தானே இடம் வேண்டும். அவர் தனியாகப் போனார். நான் வயல் கரையில் நின்றேன். முக்கால் மணித்தியாலமும் வாயாடியான என் வாய் மாதாவிடம்தான் கதைத்துக்கொண்டிருந்தது.

முதலில் சத்தம் கேட்டது. பிறகு தூரத்தில் கொக்குகள் எல்லாம் ஒன்றாக எழும்பின. அந்த வெள்ளைக்குக் கீழே, இரண்டு பக்கமும் சேறு செட்டை மாதிரி விரிய, வண்டி வந்தது. நடுவில் என் அக்கா நிமிர்ந்து இருந்தா, கையில் குடையோடு. எங்கள் கோயில் திருநாளில் மாதா சுருவத்தைக் கூட்டில் வைத்துத் தெருவால் கொண்டுவருவார்களே, அப்படி. ஓட்டுகிறவருக்குத் தலை முதல் கால் வரை சேறு. நீலப் பேசினுக்குள் ஒரு சொட்டு இல்லை. நான் என்னை அறியாமல் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டேன்.

அக்கா என்னைக் கண்டதும் சொன்ன முதல் கதை இதுதான்:

"என்னடி வாயப் பிளந்துகொண்டு நிக்கிறாய்? இந்தச் சீட் எனக்குக் கொஞ்சம் பெரிசு. ஆரின்ர அளவுக்குச் செய்தது?"

அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இரண்டு விரல் போய்விட்டது. கால் இருக்கிறது, அந்தக் காலால் நடந்து வந்து இப்போதும் என்னோடு சண்டை பிடிக்கிறா.

இன்றைக்கும் வெட்கத்தில் எதையாவது குறைத்துச் சொல்ல வாய் உன்னும்போது, சேற்றில் குப்புறக் கிடந்த அந்த மூட்டை என் கண்ணுக்கு முன்னால் வந்துவிடுகிறது. தான் ஒரு நாளும் கண்டிராத ஒரு மனிசிக்காக, மனிசியைத் தூக்குகிற மாதிரி அதை ஒருவர் தூக்கி ஏற்றியதும்தான்.