சற்குணம் அண்ணையின் பருத்தி உள்ளுடுப்பு

எந்த உடுப்பையும் வாங்குமுன் சற்குணம் அண்ணை அதைக் கன்னத்தில் தேய்த்து, கண்ணை மூடி, தீர்ப்பு வழங்குபவர்போல் தலையாட்டுவார். லண்டனில் நாங்கள் சேர்ந்த, நீருக்கடியில் சுழியோடப் பழக்கும் வகுப்பில், தண்ணீர் புகாத உடைக்குள் கம்பளி உள்ளுடுப்பு அணியச் சொன்னார்கள். அவர் கேட்கவில்லை.

“கம்பளி கடிக்கும். பருத்தியில ரெண்டு போட்டாக் காணும்.”

“வேர்வையில நனைஞ்சால் பருத்தி குளிரும் அண்ணை,” என்றேன்.

“தம்பி, நான் ஜேர்மனிக் குளிரையே பார்த்தவன். நீ ஹரோவில ஹீட்டரோட பிறந்தனீ!”

அவர் அளந்த அளப்பில், இறுதித் தேர்வு நடக்குமுன்பே அவருக்குச் சான்றிதழ் கிடைத்துவிட்டதாக அவர் வசித்த தோர்ண்டன் ஹீத்தின் தமிழ்க் கடைகளெல்லாம் நம்பின. தேர்வன்று உடையை மாட்டிக்கொண்டு கரையில் எல்லோருக்கும் உபதேசம் செய்தே வியர்த்தார். ஏரிக்குள் இறங்கிய சற்று நேரத்தில் பல் கிடுகிடுக்க மேலே வந்தார். தேறவில்லை.

ஜேர்மனியில் அவருடைய குளிர்காலமெல்லாம் ஒரு பேக்கரியின் அடுப்படியில்தான் கழிந்தது என்று, அவர் மனைவி யோகமலர் அக்கா பிறகுதான் சொன்னார்.